வீட்டை எண்ணி விதை போடுங்கள்

வாசகர் கேள்வி:

பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில் எங்களுக்கு 1 ஏக்கர் 20 சென்ட் கழனி இருக்கிறது. ஒரு கிணறு, இரண்டு மாடு. வீட்டில் அம்மா, மனைவி, பிள்ளைகள். ஒன்பது வருஷம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தேன். அப்பா தவறிய பிறகு கழனிக்கே வந்துவிட்டேன். யூரியாவையும் பூச்சி மருந்தையும் நிறுத்தி 14 மாதம் ஆகிறது. கத்தரி, வெண்டை, தக்காளி வைத்தேன். கத்தரி பாதிக்கு மேல் சொத்தை. வாரம் இரண்டு முறை பஞ்சகவ்யம் அடித்தும் புழு நிற்கவில்லை. தக்காளி நன்றாக வந்தது, ஆனால் வந்த நேரத்தில் மண்டியில் விலை இல்லை. மருந்து அடிக்காத காய் என்று சொன்னால், "அதுக்கு நான் என்னப்பா பண்றது?" என்கிறார் மண்டிக்காரர். காட்பாடியில் ஒரு அபார்ட்மென்டில் போய்க் கேட்டால் சர்டிபிகேட் இருக்கிறதா என்கிறார்கள். மனைவி திரும்பவும் கம்பெனிக்கே போகச் சொல்கிறார். சர்டிபிகேட் வாங்கினால் விலை கிடைக்குமா? இல்லை, இதை விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

விட வேண்டாம். ஆனால் போன வருஷம் செய்த மாதிரியே இந்த வருஷமும் செய்யாதீர்கள். செய்தால் உங்கள் மனைவி சொல்வதுதான் நடக்கும். அவர் சொல்வதிலும் தவறில்லை. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்த வீட்டில் அது நின்றுபோனால், அடுப்படியில் நிற்பவருக்குத்தான் முதலில் தெரியும்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் ஊகித்துச் சொல்கிறேன். மூன்று பயிரையும் ஏறக்குறைய ஒரே பட்டத்தில், பயிருக்கு 40 சென்ட் என்று பிரித்து நட்டிருப்பீர்கள். இந்தப் பக்கத்தில் புதிதாக இயற்கை விவசாயத்துக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படித்தான் செய்வதைப் பார்க்கிறேன். உரத்தையும் மருந்தையும் மாற்றுகிறோம், நடவை மாற்றுவதில்லை. 40 சென்ட் தக்காளி ஒரே நேரத்தில் பழுத்தால் அதை மண்டிக்குத்தான் கொண்டுபோக முடியும். வேறு எங்கே கொண்டுபோவது? மண்டியில் நிறமும் கனமும்தான் விலை. விடிவதற்குள் சரக்கை இறக்கி, வெயில் ஏறுவதற்குள் விற்று முடிக்க வேண்டிய இடம் அது. எப்படி விளைந்தது என்று கேட்க அங்கே யாருக்கும் நேரம் கிடையாது. அந்த மண்டிக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

தக்காளி விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஆந்திராவின் பலமநேர், வி.கோட்டா, கர்நாடகத்தின் கோலார் பக்கத்துத் தக்காளி மலை இறங்கி வேலூருக்குத்தான் வருகிறது. அங்கே மழையும் வெயிலும் சரியாக அமைந்துவிட்டால் இங்கே விலை தரையைத் தொடும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும் நினைவிருக்கும். இரண்டுமே உங்கள் கையில் இல்லாத விஷயம். 1 ஏக்கர் 20 சென்டை வைத்துக்கொண்டு அந்த ஊஞ்சலில் ஏறக் கூடாது.

அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் எத்தனை வீடு என்று கேட்கிறேன். என்ன பயிர் என்று பிறகுதான் கேட்பேன். வாங்கப்போகிற வீட்டை முதலில் எண்ணிவிட்டு, அந்த எண்ணுக்கு விதை போடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு வாரத்துக்கு நாலரை கிலோ காயும் இரண்டு கட்டுக் கீரையும் போதும். 40 வீடு என்றால் வாரம் 180 கிலோ. இதை உங்கள் நிலம் தாராளமாகத் தரும். 40 வீட்டுக்கு மேல் ஒரு குடும்பத்தால் பறித்து, பிரித்து, கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது. ஆக, நீங்கள் போய்ச் சேர வேண்டிய எண் 40. ஆரம்பிக்க வேண்டிய எண் 12.

கணக்கை வெண்டையில் போட்டுக் காட்டுகிறேன். உரம் போட்டுச் செய்கிறவர் ஏக்கருக்கு 5, 6 டன் எடுப்பார். உங்களுக்கு இப்போதைக்குப் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 8 சென்டில் 200 கிலோவுக்கு மேல் வரும். விதைத்து 45 நாளில் பறிக்க ஆரம்பித்தால் ஏழு வாரம் பறிக்கலாம், வாரத்துக்குச் சுமார் 30 கிலோ. 40 வீட்டுக்கு அரைக் கிலோ வீதம் 20 கிலோ போக, சொத்தைக்கும் முற்றலுக்கும் பத்துக் கிலோ கையில் நிற்கிறது. அந்த 8 சென்டில் முதல் வெண்டை பறித்த இரண்டாவது நாளே அடுத்த 8 சென்டில் விதை ஊன்றிவிட வேண்டும். முதல் செடி ஓயும்போது இரண்டாவது செடி காய்க்க வந்திருக்கும். நீங்கள் போன வருஷம் நட்ட 40 சென்ட் வெண்டை எங்கே, இந்த 8 சென்ட் எங்கே, பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றதையும் இப்படியே பிரியுங்கள். கத்தரி 10 சென்ட், அது பாதி வயசுக்கு வரும்போது தள்ளி இன்னொரு 10 சென்ட். தக்காளிக்கு 10 சென்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம். பந்தலுக்கு 20 சென்ட், அதில் பீர்க்கு, பாகல், புடலை, ஆடியில் அவரை. கல்தூண் பந்தலுக்குக் கடன் வாங்காதீர்கள், சவுக்குக் கழியும் கம்பியும் மூன்று வருஷம் தாங்கும். கொத்தவரை, காராமணிக்கு ஒரு 6 சென்ட், மிளகாய்க்கு 5, முள்ளங்கிக்கு 3. கீரைக்கு 5 சென்ட் ஒதுக்கி, வாரம் ஒரு சென்ட் என்று பாத்தி பாத்தியாக விதையுங்கள். முளைக்கீரை 25 நாளில் கைக்கு வரும், அரைக்கீரையை அறுக்க அறுக்கத் தளிர்க்கும். இந்தக் கீரைதான் முதல் மாதத்தில் உங்கள் கையில் காசு காட்டப்போகிறது. மீதியில் மாட்டுக்கும் எருக்குழிக்கும் வேலியோரத்துக்கும் 15 சென்ட் போக, 20 சென்ட் எப்போதும் ஓய்வில் கிடக்க வேண்டும். அந்த ஓய்வு ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, கத்தரிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அந்த ஒரு வரி: பஞ்சகவ்யம் அடித்தும் புழு நிற்கவில்லை. நிற்காது தம்பி. பஞ்சகவ்யம் பூச்சி மருந்து அல்ல. அது செடிக்கு ஊட்டம். 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி, 15 நாளைக்கு ஒரு முறை போதும். வாரம் இரண்டு முறை அடித்ததில் உங்கள் கையிருப்பும் உழைப்பும்தான் கரைந்தன. இதைச் சொல்லித்தராமல் உங்களை யாரோ கழனியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கிற புழு காய்க்குள் போய்விட்டால், வேப்பெண்ணெயோ விஷ மருந்தோ எதுவும் அதன் மேல் படாது. விஷம் அடிக்கிறவர்களும் வாரத்துக்கு ஒரு முறை அடித்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். அதைப் பிடிக்க வேண்டிய இடம் தண்டு, அதுவும் பூ வருவதற்கு முன்னால். ஒடுகத்தூர் பக்கம் ஒரு அம்மா இதை எனக்குக் காட்டிக்கொடுத்தார். படித்துவிட்டு வந்த எனக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயம்தான், ஆனால் கண்ணுக்குப் பழகியது அவரால்தான். காலை பத்து மணி வெயிலில் வரிசையில் நடந்தார். எல்லாச் செடியும் நிமிர்ந்து நிற்க, சில செடிகளில் ஒரே ஒரு கொழுந்து மட்டும் கழுத்து ஒடிந்த மாதிரி தொங்கியது. அந்தக் கொழுந்தை, வாடிய இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே நகத்தால் கிள்ளி, தண்டைப் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே இளஞ்சிவப்பாக, நெல்மணி நீளத்துக்கு ஒரு புழு. கிள்ளியதை வரப்பில் எறியவில்லை. இடுப்பில் மாட்டியிருந்த பழைய பெயின்ட் வாளியில் சோப்புத் தண்ணீர் வைத்திருந்தார், அதில் போட்டார். வரப்பில் எறிந்தால் அது ஊர்ந்து மண்ணுக்குப் போய்க் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். நட்ட மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் இந்த நடை நடக்க வேண்டும். 10 சென்டுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். 40 சென்டுக்கு உங்களால் நடக்க முடிந்திருக்காது, அதனால்தான் சொத்தை.

கூடவே இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். பெண் அந்துப்பூச்சியின் வாசனை உள்ள மாத்திரையை வைத்து, ஆண் பூச்சியை இழுத்துப் பிடிக்கிற பொறி அது. ஏக்கருக்கு ஐந்து என்பது கணக்கு, உங்கள் கத்தரிக்கு இரண்டு போதும். கத்தரிப் புழுவுக்கான மாத்திரை என்று கேட்டு வாங்குங்கள், கடையில் வேறு புழுவுக்கானதைக் கொடுத்துவிடுவார்கள். மாதம் ஒரு முறை மாற்ற வேண்டும். அப்புறம் வேப்பங்கொட்டை. இது ஆனி மாதம், வேப்பம்பழம் உதிர்கிற காலம். பணம் கொடுத்து வேப்பெண்ணெய் வாங்குவதற்குப் பதில் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இப்போதே பொறுக்குங்கள். சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி மூட்டை கட்டுங்கள். 10 லிட்டர் டேங்குக்கு, கொட்டையை உடைத்தெடுத்த வேப்பம்பருப்பு அரைக் கிலோ. இடித்துத் துணியில் கட்டி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்து ஊற்றி, மாலை வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். உச்சிவெயிலில் அடித்தால் வேம்பின் வீரியம் வெயிலிலேயே போய்விடும். பழைய கத்தரிச் செடி காய்ப்பு ஓய்ந்ததும் உடனே பிடுங்கிவிட வேண்டும். அடுப்புக்கு ஆகட்டும் என்று வரப்போரம் குவித்து வைத்தால், அதிலிருந்துதான் புதுச் செடிக்குப் பூச்சி வரும். இரண்டாவது கத்தரியை முதல் கத்தரிக்கு எதிர்க் கோடியில் நடச் சொல்வதும் இதற்காகத்தான்.

என்ன கத்தரி நட்டீர்கள் என்று எழுதவில்லை. கடை வீரிய விதை என்றால், ஒரு முறை முள்ளுக் கத்தரியை நட்டுப் பாருங்கள். அதற்குப் பெயர்போன இலவம்பாடி உங்களுக்குத் தூரமில்லை. வேலூர் முள்ளுக் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. தண்டிலும் இலையிலும் காம்பிலும் முள் இருக்கும், பறிக்கும்போது கை கிழியும். ஆனால் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கிற கத்தரிக்காயை இந்தக் காயில் ஒரு முறை செய்தவர்கள் அடுத்த வாரம் பெயர் சொல்லிக் கேட்பார்கள். இந்த ஜில்லாவில் கத்தரி விற்க இதைவிடப் பெரிய துணை வேறு இல்லை.

அந்த முள்ளால் நான் பட்ட பாடு ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் நான் கற்றதிலேயே பெரிய பாடம் அது. பல வருஷம் முன்னால் நாலு விவசாயிகளைச் சேர்த்து, வாரம் ஒரு நாள் வேலூரில் 31 வீட்டுக்குக் காய்ப் பை கொடுத்து வந்தேன். ஒரு ஐப்பசி அடைமழையில் கத்தரி வரவில்லை. பை குறையக் கூடாது, வாடிக்கை போய்விடும் என்று பயந்து, மண்டியில் பத்துக் கிலோ கத்தரி வாங்கி 31 பையிலும் கலந்து போட்டேன். மறுநாள் தொரப்பாடியிலிருந்து செவிலியர் அக்கா ஒருவர் போன் செய்தார். "தம்பி, இந்த வாரம் காம்புல முள்ளே இல்லையே?" என்று கேட்டார். கோபமில்லாத குரல். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னேன். அவர் வீட்டில் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறுமாக ஒரு பெரியவர் இருந்தார். அவருக்காகத்தான் எங்களிடம் வாங்கினார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த மாதத்தில் 11 வீடு நின்றுபோனது. அந்த அக்கா நிற்கவில்லை. "இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடு, நான் பருப்பு வெச்சுக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை குறைந்தால் குறைந்தது என்றே சொல்லி, பையின் விலையையும் குறைத்துக் கொடுக்கச் சொல்கிறேன்.

உங்கள் சர்டிபிகேட் கேள்விக்கு இதிலிருந்தே பதில் வருகிறது. சொந்தமாக விளைந்ததை நேரடியாகச் சாப்பிடுகிறவருக்கே விற்கிற சிறு விவசாயிக்கு, வருஷ வியாபாரம் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும்வரை, இயற்கை விளைபொருள் என்று விற்க இந்திய உணவுப் பாதுகாப்பு விதி சான்றிதழ் கேட்பதில்லை. சான்று பெற்ற இயற்கை உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையை மட்டும் போடக் கூடாது. கடைக்கோ, இடையில் ஒருவருக்கோ கொடுக்க ஆரம்பித்தால் கதை வேறு. அப்போது இரண்டு வழி உண்டு. ஒன்று, தமிழ்நாடு அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை. காய்கறிக்கு மாறுகாலம், அதாவது ரசாயனத்தை விட்டு மாறுகிற காலம், இரண்டு வருஷம், பதிவேடு, ஆய்வு, கட்டணம் எல்லாம் இருக்கும். இன்னொன்று பி.ஜி.எஸ். என்கிற பங்கேற்பு உத்தரவாத முறை. பக்கத்துப் பக்கத்து ஊர் விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் கழனியை ஒருவர் சோதித்து உறுதி சொல்ல வேண்டும். உங்களுக்கு இரண்டாவதுதான் சரி. ஆனால் அவசரம் இல்லை. ஐந்து பேர் கிடைக்க ஒரு வருஷம் ஆகும், அந்த ஐந்து பேரும் நம்பத்தக்கவர்களாக இருக்க வேண்டும் என்பது சான்றிதழைவிட முக்கியம்.

அதுவரை "ஆர்கானிக்" என்ற சொல்லை எடுக்காதீர்கள். "மருந்து அடிக்காத காய், யூரியா நிறுத்தி 14 மாதம் ஆகிறது, வந்து பாருங்கள்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். காட்பாடி அபார்ட்மென்டில் காகிதம் கேட்டவர்களுக்கு உங்கள் முகம் தெரியாது, அதனால் காகிதம் கேட்டார்கள். முகம் தெரிந்தவர்களிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒன்பது வருஷம் வேலை பார்த்த கம்பெனியில் உங்களோடு சாப்பிட்டவர்கள், பிள்ளைகளின் பள்ளி ஆசிரியர்கள், வேலூரில் ஆஸ்பத்திரியிலோ கல்லூரியிலோ வேலை பார்க்கிற சொந்தக்காரர்கள், இவர்களில் 12 வீடு கிடைக்காதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் குடும்பத்தோடு கழனிக்குக் கூப்பிடுங்கள். அம்மா கையால் ஒரு சாப்பாடு போடுங்கள். பிள்ளைகள் வெண்டைக்காயைப் பறித்து நுனியை ஒடித்துப் பார்க்கட்டும். அதற்கு அடுத்த வாரம் அந்த வீட்டுக்காரர்களே இன்னும் இரண்டு வீட்டைச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு தெருவில் பத்து வீடு வேண்டும், பத்துத் தெருவில் பத்து வீடு வேண்டாம். சத்துவாச்சாரியில் ஒரு வீடு, பாகாயத்தில் ஒரு வீடு என்று எக்ஸெல் வண்டியில் சுற்றினால் லாபம் பெட்ரோலில் போகும். முதல் நாள் மாலை வாட்ஸ்அப்பில் என்ன காய் இருக்கிறது என்று போட்டுவிட்டு, விடியற்காலை பறித்து, ஈரச் சாக்கில் மூடி, எட்டு மணிக்குள் கொடுத்து முடித்துவிட வேண்டும். கிழமை மாறக் கூடாது.

விலையைத் தினம் மாற்றாதீர்கள். நாலரை கிலோ காய், இரண்டு கட்டுக் கீரை, ஒரு பை 300 ரூபாய் என்று வைத்தால், தக்காளி 10 ரூபாய் விற்கிற நாளிலும் 100 ரூபாய் விற்கிற நாளிலும் அதே 300 தான். விலை ஏறிய மாதத்தில் நீங்கள் விட்டுக்கொடுப்பதை, இறங்கிய மாதத்தில் அவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். இதை முதல் நாளே வாய்விட்டுப் பேசிவிடுங்கள். 40 வீடு என்றால் வாரம் 12,000. சித்திரை, வைகாசி கத்தரி வெயிலில் பூ கொட்டி நாலு வாரம் கொடுக்க முடியாமல் போனாலும் வருஷம் ஐந்தே முக்கால் லட்சம் வரும், அந்த 12 லட்ச வரம்புக்குப் பாதியைக்கூடத் தொடாது. இதில் கூலி, விதை, பெட்ரோல், மாட்டுத் தீவனம் எல்லாம் போக வேண்டும். உங்களுக்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும் ஒரு நாள் கூலி எழுதியே கணக்குப் போடுங்கள். வீட்டு ஆள் உழைப்பைக் கணக்கில் எழுதாத விவசாயி, நஷ்டத்தை லாபம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

மிஞ்சுகிற காயை உழவர் சந்தைக்குக் கொண்டுபோங்கள். வேலூரிலும் காட்பாடியிலும் இருக்கிறது. சிட்டா, அடங்கலோடு போனால் அதிகாரிகள் நிலத்தைப் பார்த்துவிட்டு அடையாள அட்டை கொடுப்பார்கள். கடைக்கும் தராசுக்கும் வாடகை கிடையாது, கமிஷனும் கிடையாது. பலகையில் எழுதிய விலைதான் எல்லாருக்கும், மருந்து அடிக்காததற்குத் தனி விலை அங்கே இல்லை. ஆனால் மண்டியைவிடக் கூடக் கிடைக்கும், பேச்சு வளர்த்தால் இரண்டு புது வீடும் கிடைக்கும்.

இப்போது அந்த 20 சென்ட் ஓய்வு. இரண்டு மாடு இருக்கிறதே, எருவுக்கு என்ன குறை என்று நினைப்பீர்கள். ஒரு மாடு நாளைக்கு 12 கிலோ சாணம் போட்டால், இரண்டுக்கும் வருஷத்துக்கு எட்டு, ஒன்பது டன். மக்கிய பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். காய்கறிக்கு ஏக்கருக்கு 10 டன் மக்கிய எரு வேண்டும். ஆக, மாட்டை மட்டும் நம்பினால் மண் வருஷா வருஷம் பசியோடுதான் கிடக்கும். நம் ஊர் வெயிலில் மண்ணில் இருக்கிற மக்கு சீக்கிரம் எரிந்துபோகும். மகசூல் குறைந்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம், யூரியாவை நிறுத்தியது மட்டும் அல்ல. அந்த 20 சென்டில் தக்கைப்பூண்டு, சணப்பு, காராமணி, எள், கம்பு என்று கலந்து 5 கிலோ விதையை வீசி, 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழுங்கள். அடுத்த போகத்துக்கு அங்கே கத்தரி நட்டுவிட்டு, ஓய்வை வேறு 20 சென்டுக்கு மாற்றுங்கள். மூன்று வருஷத்தில் கழனி முழுக்க ஒரு சுற்று வந்துவிடும். பாத்தியில் மண் வெளியே தெரியக் கூடாது, வைக்கோலோ கரும்புத் தோகையோ தென்னங்கீற்றோ ஏதாவது போட்டு மூடுங்கள், இதைத்தான் மூடாக்கு என்பது. பக்கத்துக் கழனியில் மருந்து அடித்தால் காற்றில் வரும், அந்தப் பக்கம் பத்தடி விட்டு அகத்தியும் சோளமும் நெருக்கி விதையுங்கள், அவர் மடைத் தண்ணீர் உங்கள் பக்கம் வடியாமல் வரப்பை உயர்த்துங்கள். சொட்டுநீர் போடவில்லை என்றால், தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று வாங்கித் தோட்டக்கலை அலுவலகத்தில் கொடுங்கள், சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம் உண்டு.

கடைசியாக ஒன்று. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது இது, உங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று தள்ளி வைத்தேன். பள்ளிகொண்டா, பாலாற்றில் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் கீழே இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு இந்த ஆற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பதற்கு உச்ச நீதிமன்றம்வரை வழக்குப் போய், 1996 ஆகஸ்டில் தீர்ப்பும் வந்தது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பதை நாட்டுக்கே சட்டமாக்கிய தீர்ப்பு, நம் வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கு. தீர்ப்பு வந்ததால் மண்ணுக்கடியில் இறங்கியது மேலே வந்துவிடாது. எல்லாக் கிணறும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆற்றிலிருந்து தள்ளி, மலைப்பக்கத்து ஊற்றில் இருக்கிற கிணறு கற்கண்டு மாதிரி இருக்கும். ஆனால் மருந்து அடிக்காத காய் என்று ஒரு நோயாளி வீட்டுக்குக் கொடுக்கப்போகிறோம். தண்ணீர் என்ன தண்ணீர் என்று தெரியாமல் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குப் பக்கம். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலைக் கழுவி, பிடித்துக்கொண்டு அன்றைக்கே போங்கள். நாலைந்து இடத்து மண்ணையும் கலந்து அரைக் கிலோ எடுத்துப்போங்கள். உப்பு அளவு, அதாவது ஈ.சி., (டெசிசீமென்ஸ்/மீட்டர் கணக்கில்) ஒன்றுக்குள் இருந்தால் எதையும் பயிரிடலாம். ஒன்றைத் தாண்டினால் பீன்ஸை மறந்துவிடுங்கள். இரண்டு வரைக்கும் மூடாக்கும் சொட்டுநீரும் இருந்தால் கத்தரி, வெண்டை, கொத்தவரை சமாளிக்கும். தோல் பதனிடும்போது கழிவில் வருகிற குரோமியத்துக்கான சோதனையை எல்லா இடத்திலும் செய்வதில்லை. எங்கே கொடுப்பது என்று அங்கேயே கேளுங்கள். குரோமியம் அளவுக்கு மேல் இருப்பதாக வந்தால், அந்தக் கிணற்றுத் தண்ணீரில் காய்கறி வேண்டாம். அப்போது வேறு வழி பேசுவோம்.

கணக்கு நோட்டை மனைவியிடமே கொடுங்கள். வருகிற தை வரைக்கும் நேரம் கேளுங்கள். அதற்குள் 12 வீடு 25 ஆகியிருக்கிறதா, மூன்று பேர் கூலி எழுதியும் மிச்சம் நிற்கிறதா என்று இருவரும் நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இப்போது செய்ய வேண்டியது, தண்ணீர்ச் சோதனையும் வேப்பங்கொட்டையும். ஆடிப் பட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. சோதனை முடிவு வந்ததும் ஈ.சி. எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டுப் பந்தலில் எதை எத்தனை குழி ஊன்றுவது என்று எழுதுகிறேன்.